வீட்டுச் சாமான் கடல் கடக்கும்போது

சென்ற சில திங்களாக நம் பகுதிக்கு வரும் கடிதங்களில் ஒரே கேள்வி பல உருவங்களில் தலைகாட்டுகிறது. மகனோ மகளோ வெளிநாட்டில் நிலைகொண்டுவிட்டார்; பெற்றோரையும் அங்கே வந்துவிடுமாறு அழைக்கிறார்; அல்லது இளந்தம்பதியர் உத்தியோக நிமித்தம் குடும்பத்தோடு புறப்படுகின்றனர். மாதுங்காவிலோ செம்பூரிலோ முப்பது நாற்பது ஆண்டுகளாகச் சேர்ந்த வீட்டுச் சாமான்களை என்ன செய்வது? கப்பலில் அனுப்பலாமா? அனுப்பினால் சுங்கம் எவ்வளவு? எதை விடுவார்கள், எதைப் பிடிப்பார்கள்? இக்கேள்விகளுக்கு இம்மாதம் நமக்குத் தெரிந்த அளவில் விடை கூற முற்படுகிறோம்.

நம் முன்னோர் நெல்லையிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் இந்நகருக்குக் குடிவந்தபோது ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருள், ஒரு கூடைப் பாத்திரம் ஆகியவற்றோடு ரயிலிலிருந்து இறங்கினர். பித்தளைக் குடத்தின் வயதை எவரும் விசாரிக்கவில்லை. பிற்காலத்தில் ஊரிலிருந்து லாரியில் சாமான் வந்தபோது முலுண்டு நாகாவில் சற்று நின்றிருக்கலாம்; அந்த ஆக்ட்ராய் வரியும் 2017-ஆம் ஆண்டோடு மறைந்தது. நாடு விட்டு நாடு செல்வது அத்தகையதன்று. அங்கே கடக்க வேண்டிய வாயில்கள் இரண்டு. ஒன்று சாமான் சென்று இறங்கும் நாட்டின் வாயில். மற்றொன்று நம் நாட்டிலிருந்தே புறப்படும் வாயில். நம்மவர் முதலாவதைப் பற்றியே கவலைப்படுகின்றனர். இரண்டாவதன் நினைவு பெரும்பாலும் பெட்டி ஆணி அடித்து மூடப்பட்ட பிறகுதான் வருகிறது.

முதலில் சுங்கத்தின் மனப்போக்கைப் புரிந்துகொள்வது நலம். சுங்கத் தீர்வை என்பது வாணிகத்தின் மேல் விதிக்கப்படுவது. ஒருவர் தம் வீட்டில் புழங்கிய அண்டாவைத் தம்மோடு கொண்டு செல்வது வாணிகம் அன்று. ஆகையால் அனேகமாக எல்லா நாடுகளும் குடிபெயர்வோரின் பழகிய வீட்டுச் சாமான்களைத் தீர்வையின்றி உள்ளே விடுகின்றன. ஆனால் அதற்குமுன் மூன்று வினாக்களை எழுப்புகின்றன: இது உம்முடையதா? எவ்வளவு காலமாகப் பயன்படுத்தினீர்? இனியும் நீர்தாம் பயன்படுத்தப் போகிறீரா, அன்றி விற்கப் போகிறீரா? நாட்டுக்கு நாடு வேறுபடுவன கால அளவுகளே.

அமெரிக்காவில் வீட்டுச் சாமான்களுக்கு ஓராண்டுப் பயன்பாடு வேண்டும். அந்த ஓராண்டு தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதில்லை. பயணத்துக்குச் சற்று முந்தியதாக இருக்க வேண்டும் என்பதுமில்லை. 3299 என்ற எண்ணுள்ள படிவத்தில் இதனை உறுதிகூற வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் புறப்படுவதற்கு முன் பன்னிரண்டு மாதம் சொந்தமாக வைத்துப் பயன்படுத்தியிருக்க வேண்டும். பிரிட்டனில் ஆறு மாதம் போதும். ஆனால் குடிபெயர்வோர் அதற்குமுன் தொடர்ந்து பன்னிரண்டு மாதமாவது அந்நாட்டுக்கு வெளியே வாழ்ந்தவராக இருத்தல் வேண்டும். சாமான் அனுப்புவதற்கு முன்பே விண்ணப்பித்து ஓர் அடையாள எண் பெற்றுக்கொள்ள வேண்டும். இறக்கிய சாமான்களைப் பன்னிரண்டு மாதம் வரை விற்கவோ இரவல் தரவோ கூடாது. சிங்கப்பூரில் மூன்று மாதப் பயன்பாடு போதும். முதன்முதல் சென்று இறங்கியதிலிருந்து ஆறு மாதத்துக்குள் சாமான் வந்து சேர வேண்டும். வளைகுடா நாடுகளின் பொதுச் சுங்கச் சட்டமும் முதன்முறையாகக் குடியேற வருவோரின் பழகிய வீட்டுப் பொருள்களுக்குத் தீர்வை விலக்கு அளிக்கிறது. இக்கால அளவுகள் மாற்றத்துக்கு உரியவை; ஆகவே புறப்படும் மாதத்தில் அந்தந்த நாட்டுச் சுங்கத் துறையின் வலைத்தளத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வது அவசியம்.

அமெரிக்க விதியில் ஒரு நுட்பம் நம் குடும்பங்களுக்கு மிக உகந்தது. சாமானை விலை கொடுத்து வாங்கியவர் அவரேயாக இருக்க வேண்டும் என்று அவ்விதி கேட்பதில்லை. அவர் உறுப்பினராக வாழ்ந்த இல்லத்தில் அது ஓராண்டு புழங்கியிருந்தால் போதும். மாமியார் வாங்கிய வெண்கலப் பானையில் மருமகள் பத்தாண்டு சோறு வடித்திருப்பாராயின் அப்பானை அவர் இல்லத்துச் சாமானே. கூட்டுக் குடும்ப வழக்கத்தை அறிந்து எழுதியதுபோல் அமைந்துவிட்டது அச்சட்டம்!

இதற்கு நேர்மாறான நிலை சீர்வரிசைப் பாத்திரங்களுடையது. திருமணத்துக்கு முந்தைய வாரம் கடையில் எடுத்த எவர்சில்வர்ப் பாத்திரங்கள், பிரிக்காத மிக்சி, மடிப்புக் கலையாத பட்டுப் புடவைகள் முதலியன பழகிய சாமான்கள் அல்ல. பிரிட்டன் போன்ற நாட்டில் மணமுடித்துக் குடிபெயர்வோர்க்கெனத் தனிச் சலுகை உண்டு. மற்ற இடங்களில் புதிய பொருளைப் புதியது என்றே எழுதி, ரசீதையும் இணைத்து, தீர்வை கேட்டால் கட்டிவிடுவதே முறை. புதிய பாத்திரத்தைப் புளியும் சாம்பலும் போட்டு நாலு முறை தேய்த்தால் பழையதாகிவிடும் என்று சில வீடுகளில் யோசனை கூறுவோர் உண்டு. பாத்திரம் பழையதாகலாம், உறுதிமொழி பொய்யாகும். தீர்வை சில நூறு ரூபாயாக முடிந்திருக்கக்கூடிய இடத்தில் அபராதமும் பறிமுதலும் வந்து சேரும்.

இனி, எல்லாவற்றினும் முக்கியமானதாக நாம் கருதும் பட்டியலுக்கு வருவோம். சாமான் கட்டும் நிறுவனத்தின் ஆட்கள் காலையில் வருகின்றனர். மாலைக்குள் நாற்பது அட்டைப் பெட்டிகளைக் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் ‘சமையல் சாமான்’, ‘துணி’, ‘பலவகை’ என்று எழுதிவிட்டுப் போகின்றனர். ‘பலவகை’ என்ற சொல்லே சுங்க அதிகாரியைப் பெட்டியைத் திறந்து பார்க்க அழைப்பதாகும். அயல்நாட்டுத் துறைமுகத்தில் அமர்ந்திருக்கும் அவர் முறுக்கு நாழியைக் கண்டவர் அல்லர். ஊடுகதிர்ப் படத்தில் பித்தளைக் குழலும் உள்ளே ஒரு தண்டும் தெரிந்தால் அவர் மனத்தில் என்னென்ன எண்ணங்கள் ஓடும் என்பதை அன்பர்கள் ஊகிக்கலாம். அரிவாள்மனையின் கதியும் அதுவே. ஆகையால் பட்டியலில் நம் பெயரை எழுதுவதோடு, எந்த உலோகம், எதற்குப் பயன்படுவது, எத்தனை உருப்படி, எத்தனை ஆண்டாக வீட்டில் உள்ளது, இன்றைய மதிப்பு என்ன என்பனவற்றை ஆங்கிலத்தில் ஒரு வரியில் எழுதுக. ‘மாவு பிழியும் பித்தளைக் கைக்கருவி, ஒன்று, பதினைந்து ஆண்டு’ என்று கண்டால் அதிகாரி அடுத்த வரிக்குப் போய்விடுவார். பெட்டிக்கு எண் இட்டு, பட்டியலிலும் அதே எண்ணைக் குறித்து, மூடுவதற்குமுன் ஒரு புகைப்படம் எடுத்து வைப்பது மேலும் நல்லது.

இப்பட்டியலை ஆட்கள் வரும் நாளில் அல்ல, ஒரு மாதம் முன்னதாகவே தொடங்குதல் வேண்டும். வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு எழுதுதல் வேண்டும். எந்தச் செம்பு எந்த ஆண்டு யார் கல்யாணத்தில் வந்தது என்பது அவர்களுக்கே தெரியும். பாத்திரத்தின் விளிம்பில் வெட்டியுள்ள பெயரும் தேதியும் இங்கே சாட்சியாக நிற்கும். அந்நாளில் பாத்திரக் கடையில் பெயர் வெட்டித் தந்தவர்கள் சுங்கத்துக்கு இப்படி ஒரு சான்று தயாரிப்பதாக எண்ணியிருக்க மாட்டார்கள்.

உணவுப் பண்டங்கள் குறித்து நம் இல்லத்தரசிகளுக்கு ஒரு வார்த்தை. கப்பலில் செல்லும் வீட்டுச் சாமானோடு அரிசியோ பருப்போ மசாலாவோ வைக்காமலிருப்பதே உத்தமம். கப்ரா வண்டு என்று ஒரு சிறு பூச்சி நம் நாட்டுத் தானியக் கிடங்குகளில் பழகியது. அதன் புழு உணவின்றிப் பெட்டியின் இடுக்கில் ஆண்டுக்கணக்கில் உயிர்வாழ வல்லது. அதற்கு அஞ்சி அமெரிக்கா நம் நாட்டிலிருந்து வருவோர் சொந்த உபயோகத்துக்கென அரிசி கொண்டுவருவதைத் தடுத்துள்ளது. ஆஸ்திரேலியா 2020-ஆம் ஆண்டு முதல், கப்பலில் தனியே வரும் வீட்டுச் சாமான்களுக்குள் அரிசி, பருப்பு வகை, கொத்துமல்லி விதை, சீரகம், வற்றல் மிளகாய் ஆகியவை இருத்தல் கூடாது என்று விதித்துள்ளது. ஒரு சாம்பாருக்கு வேண்டிய பண்டங்களையே பொறுக்கியெடுத்துத் தடுத்ததுபோல் தோன்றும். நம் மேல் கோபத்தால் அன்று, வண்டின் மேல் அச்சத்தால் செய்தது. ஐக்கிய அரபு அமீரகத்துக்குச் செல்வோர் கசகசாவை ஒரு சிட்டிகையும் கொண்டுபோகலாகாது. அங்கே அது போதைப் பொருள் சட்டத்தின்கீழ் வருவது. குருமாவுக்காக என்று கூறினால் வழக்கு நிற்காது.

தாவரத்தினால் ஆன வேறு பல பொருள்களும் வீட்டில் உள்ளன. அவற்றைத் தாவரம் என்று நாம் நினைப்பதேயில்லை. மூங்கில் முறம், ஈர்க்குத் துடைப்பம், பத்தமடைப் பாய், விதை கலந்த இலவம்பஞ்சுத் தலையணை, வெட்டிவேர், தர்ப்பைக் கட்டு ஆகியவற்றை எண்ணிப் பாருங்கள். உருத்திராட்சம் நமக்குத் தெய்விகம். தாவரப் பாதுகாப்பு அதிகாரிக்கு அது ஒரு மரத்தின் கொட்டை. ஆஸ்திரேலியாவுக்குச் செல்வோர் இவற்றுள் எதையேனும் எடுத்துச் சென்றால் படிவத்தில் மறைக்காமல் குறிப்பிடுதல் வேண்டும். குறிப்பிட்ட பொருளைப் பரிசோதித்துத் தரலாம், அல்லது மறுக்கலாம். மறைத்த பொருளுக்கே தண்டனை. அம்மியையும் ஆட்டுக்கல்லையும் மண்ணின்றிக் கழுவி, வெயிலில் நன்கு உலர்த்தி அனுப்புக. மிருதங்கம் எடுத்துச் செல்வோர் அதில் தோல் உள்ளதையும் எழுதுக.

மரப்பெட்டி பற்றியும் சொல்ல வேண்டும். தெருமுனைத் தச்சர் மலிவாகச் செய்து தரும் பெட்டி உறுதியாகவே இருக்கும். ஆயினும் அயல்நாடு செல்லும் பெட்டி மரத்தின் உட்பகுதி வரை 56 பாகை சூட்டில் தொடர்ந்து 30 நிமிடம் பதப்படுத்தப்பட்டிருத்தல் வேண்டும், அல்லது அதற்கீடாக ஏற்கப்பட்ட முறையில் புகையூட்டப்பட்டிருத்தல் வேண்டும் என்பது சர்வதேச விதி. அதற்கு அடையாளமாகக் கதிர் போன்ற ஒரு முத்திரை மரத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். முத்திரையில்லாப் பெட்டியோடு உள்ளேயிருக்கும் சாமானும் துறைமுகத்தில் தேங்கும்.

இதுகாறும் கூறியவை இறங்கும் நாட்டின் வாயில் பற்றியவை. புறப்படும் வாயிலுக்கு வருவோம். மனம் வருந்தும் சந்தர்ப்பங்கள் இங்கேதான் மிகுதி.

1972-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 1976-இல் நடைமுறைக்கு வந்த தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டம் நம் வீட்டுக்குள்ளும் நுழையக்கூடியது என்பதைப் பலர் அறியார். நூறாண்டு கடந்த சிற்பம், ஓவியம், நாணயம், கைவினைப் பொருள் முதலியவை தொல்பொருள்கள். அறிவியல், வரலாறு, இலக்கியம், கலை ஆகியவற்றில் மதிப்புடைய கையெழுத்துப் பிரதிக்கு எழுபத்தைந்து ஆண்டே போதும். இவற்றை மத்திய அரசோ அதன் அதிகாரம் பெற்ற அமைப்போ அன்றி வேறு எவரும் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப இயலாது. சொந்தப் பொருள், பரம்பரைப் பொருள், பூஜை அறையில் இருந்த பொருள் என்பன இங்கே வாதங்கள் ஆகா. மீறியவர்க்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.

கொள்ளுப்பாட்டி காலத்து அன்னம் வைத்த குத்துவிளக்கு, பூஜையறைத் தஞ்சாவூர்ப் படம், வெண்கல நடராஜர், தாத்தாவின் வைத்திய ஏட்டுச் சுவடி, இசைப் பயிற்சிக்குக் கையால் எழுதிய பழைய கீர்த்தனை நோட்டு ஆகிய ஒவ்வொன்றும் கேள்விக்கு உரியதாகலாம். பொருள் பழையது போன்ற தோற்றமுடையதாயின், அது நூறாண்டு ஆகாத பின்னாளைய வேலையாயினும், சுங்க அதிகாரி நிறுத்தி வைப்பார். அதற்குப் பரிகாரம், இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறை வழங்கும் ‘தொல்பொருள் அன்று’ என்ற சான்றிதழ். நம் அன்பர்களுக்கு ஒரு வசதி. அத்துறையின் மும்பை வட்ட அலுவலகம் தொலைவில் இல்லை, நம் சயான் கோட்டையிலேயே உள்ளது. பொருளின் புகைப்படங்களோடு விண்ணப்பித்து, வல்லுநர் பார்வைக்கு வைத்து, சான்று பெற நாளாகும். பயணச் சீட்டு வாங்கிய பின் தொடங்கும் காரியம் அன்று இது.

யானைத் தந்தம் இழைத்த பழைய வீணை உள்ள இல்லங்கள் இன்னும் நம்மிடையே உண்டு. தந்தம் எவ்வளவு சிறிதாயினும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சர்வதேச உடன்படிக்கையும் குறுக்கே நிற்கும். அனுமதியின்றி அவ்வீணை கப்பலேறாது. மயிற்பீலி விசிறி ஏற்றுமதிக்கு விலக்கப்பட்டது. பாட்டனார் காலத்து ஈட்டி மரக் கட்டிலும் பீரோவும் சற்றுச் சிக்கல் தருவன. 2017-ஆம் ஆண்டு முதல் ஈட்டி இனம் முழுவதும் அந்த உடன்படிக்கையின் பட்டியலில் சேர்ந்துள்ளது. 2019-இல் செய்த தளர்வின்படி, முடித்த பொருள்களில் அம்மரத்தின் எடை ஓர் அனுப்புகைக்குப் பத்து கிலோ வரை தடையில்லை. ஒரு கட்டிலின் கால்களே அவ்வெடையைத் தாண்டிவிடும். வனவிலங்குக் குற்றத் தடுப்பு அலுவலகத்தின் மண்டல அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே இவற்றைக் கட்டுதல் நன்று.

வீட்டில் பூசல் எழுவது இவ்விடத்தில்தான் என்பதை நாம் கண்டுள்ளோம். குத்துவிளக்கைக் கொண்டுபோக முடியாது என்றவுடன் இளையவர்கள், ‘அங்கே புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம்’ என்கின்றனர். மூத்தவர் வாய் திறப்பதில்லை. தாம் மணமகளாக வந்த அன்று ஏற்றிய விளக்கு, இந்நகரில் மூன்று வீடு மாறியும் மாறாத விளக்கு, யார் வீட்டுப் பரணில் கிடக்கும் என்று அவர் நினைப்பது எவர் காதிலும் விழுவதில்லை. சட்டத்தின் மேல் பழி சுமத்துவது எளிது. ஆனால் கோயில் படிமங்களும் சுவடிகளும் இந்நாட்டிலிருந்து எத்தனை எத்தனை வெளியேறின, அவற்றுள் சிலவற்றை மீட்டுக் கொணர எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்பதை அறிந்தோர் இச்சட்டம் வேண்டாம் என்று கூறமாட்டார்கள். நம் அபிப்பிராயம் இதுவே: கொண்டுபோக முடியாத பொருளுக்கு, பெட்டி கட்டுவதற்கு முன்பே, மூத்தவர் வாயாலேயே ஓர் இடம் சொல்லச் செய்ய வேண்டும். ஊரிலுள்ள தங்கை மகளா, இந்நகரிலேயே இருக்கும் இளைய மகனா, குலதெய்வக் கோயிலா என்பதை அவரே தீர்மானிக்கட்டும். அவர் கையாலேயே கொடுக்கட்டும். விளக்கை ஏற்றும் வீட்டில் கொடுத்தால் அது விளக்காகவே இருக்கும். சுவடிகளையும் கையெழுத்து நோட்டுகளையும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டு, மூலத்தைச் சென்னை உ. வே. சாமிநாதையர் நூல்நிலையம், அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சைச் சரசுவதி மகால் போன்ற இடங்களுக்கு அளிக்க முன்வரலாம். கடல் கடக்கும் பேரனுக்குப் படங்களே படிக்கப் போதுமானவை. ஓலையை அவன் பிரித்தால் உதிர்ந்துவிடும்.

நகை பற்றிச் சுருக்கமாக: அணிந்து செல்லும் தங்க நகைகளைப் பின்னொரு நாள் திரும்பக் கொண்டுவரும் எண்ணம் உண்டானால், மதிப்பீட்டுச் சீட்டோடும் படங்களோடும் விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று பெற்றுச் செல்க. அஃதின்றேல் திரும்பும்போது, இது இங்கிருந்து போனதே என்று நிரூபிப்பது கடினம்.

செலவு விஷயத்தில் ஒன்று. ‘துறைமுகம் வரை’ என்று விலை சொல்வதும் ‘வீட்டு வாசல் வரை’ என்று விலை சொல்வதும் ஒன்றல்ல. முதலாவது மலிவாகத் தோன்றும். அக்கரையில் இறக்குகூலி, சுங்க முகவர் கூலி, பரிசோதனைக் கட்டணம், வண்டிச் சத்தம் யாவும் தனியே வரும். இருபதடிக் கொள்கலத்தின் கொள்ளளவு சுமார் 33 கன மீட்டர். ஒரு சிறு குடும்பத்தின் சாமான் அதில் பாதியும் நிரம்பாது. ஆகவே பிறரோடு பங்கிட்டு அனுப்புவோரே மிகுதி. பங்கிட்ட கொள்கலத்தில் ஒருவர் வைத்த புளிப் பொட்டலத்துக்காக அனைவர் சாமானும் காத்திருக்க நேரலாம். குறித்த நாள்களுக்குள் எடுக்காவிட்டால் நாள்தோறும் தேக்கக் கட்டணம் ஏறும். நம் அன்பர் குடும்பம் ஒன்றுக்குச் சாமானின் மதிப்பைவிடத் தேக்கக் கட்டணம் பெரிதாகிவிட்டது. மெத்தையையும் நாற்காலிகளையும் துறைமுகத்திலேயே கைவிட்டு, பாத்திரப் பெட்டிகளை மட்டும் மீட்டனர். உரிய காகிதங்கள் இல்லாமல் போகவில்லை. அவை கொள்கலத்துக்குள், பதினேழாம் எண் பெட்டியில் இருந்தன!

பட்டியல், கடவுச்சீட்டு நகல், விசா, தொல்லியல் சான்று, ரசீதுகள், சுங்க முகவருக்கு அளித்த அதிகாரக் கடிதம் ஆகியவற்றின் இரண்டு படிகளைக் கைப்பையிலும், ஒரு படியை இங்குள்ள உறவினரிடத்தும் வைத்துச் செல்க. அயல்நாட்டிலிருந்து குடும்பத்தோடு திரும்பி வருவோர்க்கு நம் நாட்டுச் சுங்கம் அளிக்கும் சலுகைகள் வேறு வகையின. அவற்றைப் பிறிதோர் இதழில் எடுத்துக்கொள்வோம்.